வன்னியில் நீளம், பரப்பு, கனவளவு: இரணைமடுக் குளத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கேத்திரகணிதம் என்னும் சொல்லிலே கேத்திரம் என்பது வயலைக் குறிக்கும் வடசொல்லாகும். இத்துறைக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயரும் கிரேக்க மொழியில் நிலத்தை அளத்தல் என்றே பொருள்படும். ஆயினும் நாம் பாடசாலையிற் கற்ற கேத்திரகணிதத்தில் வயல் இல்லை. செவ்வகமும் முக்கோணியும் வட்டமும் அரியமும் கூம்பகமும் எவருக்கும் உரித்தல்லாத உருவங்களாக அங்கே நிற்கின்றன. நீளத்தை அகலத்தாற் பெருக்கினாற் பரப்பு. அதனை ஆழத்தாற் பெருக்கினாற் கனவளவு. விடை பிழைத்தால் மாணவன் புள்ளி இழப்பான். வேறெவரும் எதனையும் இழப்பதில்லை.

நிலத்திலோ நிலைமை வேறு. அங்கே எந்தக் காணியும் முழுச் செவ்வகமன்று. எந்தக் குளமும் முழுக் கூம்பகமன்று. ஆகவே அளப்பவர் யாராயினும் உண்மையுருவிற்குப் பதிலாக எளிய உருவொன்றை எடுத்துக்கொள்ள வேண்டியவராகின்றார். உண்மையுருவிற்கும் எடுத்துக்கொண்ட உருவிற்கும் இடையிலுள்ள வேறுபாடு எவராவது ஒருவர் மேல் வீழ்ந்தே தீரும். காணியை வாங்குபவன், மண் வெட்டும் கூலியாள், வாய்க்காலின் கடைக்கோடியில் நிற்கும் கமக்காரன் ஆகியோரே பெரும்பாலும் அதனைச் சுமப்பவர். கிளிநொச்சிப் பிரதேசத்தையும் அதனை உருவாக்கிய இரணைமடுக் குளத்தையும் சான்றாகக் கொண்டு, நீளம், பரப்பு, கனவளவு ஆகிய மூன்று அளவைகளும் மக்கள் வாழ்வில் எவ்வாறு தொழிற்பட்டுள்ளன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரப்பும் விதைப்பும்

பரப்பை அறிதற்குத் தமிழர் இருவேறு வழிகளைக் கையாண்டனர். ஒன்று கோலால் அளத்தல். மற்றது விதையால் அளத்தல். கோலளவையின் உச்சநிலையைச் சோழர் ஆட்சியிற் காண்கின்றோம். முதலாம் இராசராசன் 1001 ஆம் ஆண்டளவில் நடத்திய நில அளவை, ஒரு வேலியின் 52,428,800,000 கூறுகளில் ஒரு கூறுவரை நிலத்தைக் கணக்கிட்டதென்பது வரலாற்று மாணவர் அறிந்ததே. பிற்கால வழக்கின்படி ஒரு வேலியை 6.6 ஏக்கராகக் கொண்டால், அக்கூறு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீற்றராகும். கடுகு ஒன்று அடங்கும் இடமும் அதனிற் பெரிது. இத்துணை நுண்ணிய துண்டை எந்தக் கோலாலும் அளத்தல் இயலாது. முந்திரி, கீழ்முந்திரி எனக் கீழ்நோக்கிச் செல்லும் பின்னக் கணக்கின் நுட்பமே அது. கணக்கின் நுட்பமும் அளவையின் நுட்பமும் வேறு வேறானவை என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

விதையளவை இதற்கு நேர்மாறானது. ஈழத்தின் நெற்செய்கைப் பகுதிகள் பலவற்றிலே நிலத்தின் பரப்பு, அதில் விதைக்கப்படும் நெல்லின் அளவாற் குறிக்கப்பட்டது. இன்றும் வன்னிக் கமக்காரர் வயலைப் புசல் விதைப்பாற் சொல்வதுண்டு. ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு புசல் என்பது பழைய கணக்கு. இங்கே ஒரு கனவளவு, பரப்பின் பெயராகிவிடுகின்றது. ஆங்கில அளவையில் எட்டுக் கலன் கொண்ட புசல் ஏறத்தாழ 1.28 கன அடி. அக்கொள்ளளவு நெல்லை நிலத்தில் வீசினால் எவ்வளவு தூரம் பரவுமோ அதுவே நிலத்தின் அளவு. மண்ணின் வளம், விதையின் தரம், வீசும் கையின் பழக்கம் ஆகியவற்றுக்கேற்ப அளவு மாறும். அதனை இம்முறையின் குறையென்று மட்டும் கொள்ளலாகாது. உழுபவனுக்கு வேண்டியது நிலத்தின் பரப்பன்று. அந்நிலம் தன்னிடம் வேண்டும் விதையும் தனக்குத் தரும் விளைவுமே. விதையளவை அதனை நேரே சொல்லிற்று.

யாழ்ப்பாண மாவட்டத்தின் உறுதிகளிலே இவ்விரு முறைகளும் ஒன்று கலந்து நிற்பதைக் காணலாம். கிளிநொச்சி 1984 ஆம் ஆண்டு தனி மாவட்டமாகும்வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தமையால், அதன் பழைய உறுதிக் காணிகளுக்கும் இது பொருந்தும். அங்கே பரப்பு அல்லது லாச்சம் என்னும் அலகு ஒரே பெயரில் இரண்டு அளவுகளைக் கொண்டது. வரகு விதைப்புக் கணக்கில் ஒரு லாச்சம் 18 குழி; நெல் விதைப்புக் கணக்கில் ஒரு லாச்சம் 12 குழி. முன்னையது 16 கொண்டது ஓர் ஏக்கர். பின்னையது 24 கொண்டது ஓர் ஏக்கர். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஏக்கருக்கு 288 குழி என்னும் ஒரே தொகை வரும். ஏக்கர் 43,560 சதுர அடியாதலால் ஒரு குழி 151.25 சதுர அடியாகும். அதாவது பக்கம் ஏறத்தாழ 12.3 அடியான சதுரம். எனவே வரகு லாச்சம் 2,722.5 சதுர அடி, அதாவது சரியாகப் பத்துப் பேர்ச். நெல் லாச்சம் 1,815 சதுர அடி.

பெயர் ஒன்றாக இருந்தும் அளவு வேறாதற்குக் காரணம் வெளிப்படை. வரகு சிறுமணித் தானியம். நெல்லினும் பரந்த நிலத்திற் செல்லும். குழி என்னும் சதுர அலகு கோலிலிருந்து வந்தது. லாச்சம் என்னும் தொகுப்போ பயிரிலிருந்து வந்தது. உறுதியில் எந்த லாச்சம் என்று எழுதாது விட்டால் காணியின் மூன்றிலொரு பங்கு மறைந்துவிடும் என்பதனாலேயே எழுதுவோர் பயிரின் பெயரையும் உடன் எழுதினர்.

நாற்கோணக் காணியும் பருமட்டு விதியும்

நான்கு வரம்புகளால் அமைந்த ஒரு காணியின் பரப்பை எவ்வாறு கணிப்பது? எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைக் கண்டு, இரு சராசரிகளையும் பெருக்குவது உலகெங்கும் வழங்கிய பழைய விதி. எகிப்தின் எட்பு ஆலயச் சுவரிற் பொறிக்கப்பட்ட காணிக் கணக்குகள் இவ்விதியையே பின்பற்றின. இந்தியக் கணித மேதை பிரமகுப்தர் கி.பி. 628 இல் இயற்றிய நூலில் இதனைப் பருமட்டான பரப்பெனக் கூறி, வட்டத்தினுள் அமையும் நாற்கோணத்துக்குச் சரியான சூத்திரத்தையும் உடன் தந்தார்.

பருமட்டு விதி ஒருபோதும் பரப்பைக் குறைத்துக் காட்டாது. செவ்வகம் தவிர்ந்த எல்லா உருவிலும் கூட்டியே காட்டும் என்பது கவனிக்கத்தக்கது. நான்கு பக்கமும் 100 அடியாகவும் மூலைக் கோணம் 60 பாகையாகவும் உள்ள ஒரு சாய்ந்த காணியை எடுத்துக்கொள்வோம். விதியின்படி அதன் பரப்பு 10,000 சதுர அடி. உண்மைப் பரப்பு ஏறத்தாழ 8,660 சதுர அடி. வேறுபாடு 1,340 சதுர அடி, அதாவது வரகு லாச்சத்தில் ஏறத்தாழ அரைவாசி. காணியை விற்பவனும் வரி அறவிடுபவனும் இவ்விதியால் இழப்பதொன்றுமில்லை. வாங்குபவனும் வரி இறுப்பவனுமே இழப்பர். விதி நெடுங்காலம் நிலைத்தமைக்கு அதன் எளிமை மட்டுமே காரணமா என ஐயுறுதல் தவறாகாது.

இக்குறையை நீக்குவதற்கு மூலைவிட்டம் ஒன்றை அளந்தாற் போதும். நாற்கோணம் இரு முக்கோணிகளாகும். முக்கோணியின் பரப்பு மூன்று பக்கங்களாலும் உறுதிப்படும். நில அளவையாளர் சங்கிலியை எல்லையோரமாக மட்டுமன்றிக் காணியின் குறுக்கேயும் இழுப்பது இதன்பொருட்டே. 1800 இல் இலங்கை நில அளவைத் திணைக்களம் தொடங்கப்பட்ட பின்னர், ஆங்கிலேயரான எட்மண்ட் குண்டர் 1620 அளவில் வகுத்த 66 அடிச் சங்கிலி இங்கும் வழக்கிற்கு வந்தது. நூறு கண்ணிகள் கொண்ட அச்சங்கிலியிற் பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கராகும். குழியும் லாச்சமும் உறுதிகளில் தங்க, ஏக்கர், றூட், பேர்ச் ஆகியன படங்களில் ஏறின.

மண் வேலையின் கணக்கு

குளக்கட்டு என்பது நீண்ட ஒரு சரிவக அரியம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு, மேலகலத்தையும் அடியகலத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து உயரத்தாற் பெருக்குவது. மேலகலம் பத்து அடியாகவும், இருபுறமும் ஓரடி உயரத்திற்கு ஈரடி சாய்வாகவும் உள்ள கட்டொன்றை எண்ணிக்கொள்வோம். உயரம் 10 அடியாயின் அடியகலம் 50 அடி, குறுக்குவெட்டு 300 சதுர அடி. உயரம் 20 அடியாயின் அடியகலம் 90 அடி, குறுக்குவெட்டு 1,000 சதுர அடி. உயரம் இருமடங்காக, மண் மும்மடங்கிற்கும் மேலாகின்றது. ஆயிரம் அடி நீளத்திற்கு முன்னையதில் 3,000 கியூப், பின்னையதில் 10,000 கியூப் மண் வேண்டும். நூறு கன அடி கொண்டது ஒரு கியூப்.

இம்மண் எங்கிருந்தோ வெட்டப்படல் வேண்டும். வெட்டுபவன் கூலி பெறுவது கட்டின் அளவாலன்று, குழியின் அளவால். குழியின் வாயும் அடியும் ஒரே அளவாக இருப்பதில்லை. வாய் 12 அடிச் சதுரமாகவும் அடி 8 அடிச் சதுரமாகவும் ஆழம் 6 அடியாகவும் உள்ள ஒரு குழியைக் கொள்வோம். பக்கங்களின் சராசரியாகிய பத்து அடியைக் கொண்டு கணித்தால் 600 கன அடி வரும். வாய்ப்பரப்பு, அடிப்பரப்பு ஆகியவற்றின் சராசரியைக் கொண்டு கணித்தால் 624 கன அடி வரும். உண்மைக் கனவளவு 608 கன அடி. முதலாவது முறை வெட்டுபவனுக்கு நட்டம். இரண்டாவது கொடுப்பவனுக்கு நட்டம். மேற்குறித்த பிரமகுப்தரே இதற்கும் வழி சொன்னார்: இரு விடைகளின் வேறுபாட்டில் மூன்றிலொன்றை முதல் விடையுடன் கூட்டுக. 24 இல் மூன்றிலொன்று 8, கூட்டினால் 608. எகிப்தியர் அதற்கு இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே வெட்டுக் கூம்பகத்தின் கனவளவைச் சரியாகக் கணித்தனர் என்பது மொஸ்கோ பப்பிரசுச் சுவடியால் தெரிகின்றது. அறிவு பழமையானதே. எனினும் எந்த விதி கையாளப்படும் என்பதை அறிவு மட்டும் தீர்மானித்ததில்லை.

வன்னியின் பழைய குளங்களை ஆராய்ந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், அளவைக்கு மற்றொரு பயனையும் கண்டார். வவுனிக்குளம் முதலிய இடங்களிற் கிடைத்த செங்கற்களின் நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றை அளந்து, அவற்றின் பெருக்கங்களைப் பிற இடத்துச் செங்கற்களோடு ஒப்பிட்டுக் கட்டடங்களின் காலத்தை உய்த்துணர முயன்றார். 1909 இல் வெளிவந்த அவரது பண்டைய இலங்கை பற்றிய நூலில் இம்முயற்சியைக் காணலாம். எழுத்தில்லாத கல்லும் தன் கனவளவாற் பேசக்கூடும் என்பது அதன் உட்கருத்து.

இரணைமடுவின் வளர்ச்சி

வவுனியா மாவட்டத்தில் தோன்றி வடக்கு நோக்கி ஓடும் கனகராயன் ஆற்றை மறித்து அமைக்கப்பட்டதே இரணைமடு. இரணை என்பது இரட்டை எனப் பொருள்படும். பார்க்கர் 1885 இல் இத்திட்டத்தை வகுத்தார். 1902 இல் வேலை தொடங்கி 1921 இல் நிறைவெய்தியது. வேலையாட்களின் குடியிருப்பாகத் தோன்றிய ஊரே பின்னர் கிளிநொச்சி நகராயிற்று. 1930களின் நடுப்பகுதியில், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 இல் நிறைவேறிய காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமற்றோர் இங்கு குடியேற்றப்பட்டனர். இலங்கையின் பெருங்குடியேற்றத் திட்டங்களில் ஐந்து ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டு நிலமும் வழங்குவது ஒரு காலத்து முறை. பின்னர் பங்கு சுருங்கிற்று. லாச்சத்தில் வாழ்ந்தவர் ஏக்கரின் உலகிற்கு வந்தனர்.

குளம் முதலில் ஏறத்தாழ 40,000 ஏக்கர் அடி கொண்டது. ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழத்திற்கு நிற்கும் நீர். 43,560 கன அடி, அதாவது ஏறத்தாழ 1,233 கன மீற்றர். 1951 இற் கொள்ளளவு 82,000 ஏக்கர் அடியாகவும், 1956 இல் 92,500 ஆகவும், 1977 இல் 106,500 ஆகவும் உயர்ந்தது. 2018 இல் நிறைவுற்ற புனரமைப்பு நீர்மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்த, கொள்ளளவு ஏறத்தாழ 120,000 ஏக்கர் அடியாயிற்று. குளத்தின் கீழுள்ள வயல் ஏறத்தாழ 21,000 ஏக்கர். 106,500 ஐ 21,000 ஆல் வகுத்தால் ஒவ்வோர் ஏக்கருக்கும் ஐந்தடி நீர் கிடைப்பதுபோலத் தோன்றும். ஆவியாதலும் கசிவும் வாய்க்கால் இழப்பும் துருசுக்குக் கீழே தேங்கிவிடும் நீரும் இவ்வகுத்தலில் இடம்பெறவில்லை என்பதை மறத்தலாகாது.

குளத்தின் வடிவம்

இவ்வெண்களிலிருந்து குளத்தின் வடிவத்தையே நாம் உய்த்துணரலாம். குளம் செங்குத்துச் சுவருள்ள தொட்டியாயின், 34 அடிக்கு 106,500 ஏக்கர் அடி என்னும் கணக்கில் இரண்டடி உயர்வு ஏறத்தாழ 6,260 ஏக்கர் அடியையே கூட்டும். தலைகீழாக நிறுத்திய கூம்பகமாயின் ஏறத்தாழ 20,000 ஏக்கர் அடி கூடும். உண்மையிற் கூடியதோ ஏறத்தாழ 13,500. ஆப்புப் போலச் சரியும் முக்கோண அரியத்திற் கூடக்கூடியதும் ஏறத்தாழ அதுவே. தொட்டியின் கனவளவு மேற்பரப்பையும் ஆழத்தையும் பெருக்கிய தொகை, கூம்பகத்திற்கு அதில் மூன்றிலொன்று, ஆப்பிற்கு அரைவாசி. ஆகவே இரணைமடுவின் கனவளவைப் பருமட்டாக அறிய விரும்புவோர், நீர் பரந்துள்ள மேற்பரப்பையும் கட்டடியில் உள்ள ஆழத்தையும் பெருக்கி இரண்டால் வகுக்கலாம். கட்டின் அடியில் ஆழ்ந்து அலைகரை நோக்கி மெல்லென உயரும் வன்னி நிலத்தின் இயல்பே இது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுகூரத்தக்கது. கி.பி. 499 இல் ஆரியபட்டர், முக்கோண அடியுடைய கூம்பகத்தின் கனவளவு அடிப்பரப்பு, உயரம் ஆகியவற்றின் பெருக்கத்தில் அரைவாசி என்றார். முக்கோணியின் பரப்பு அரைவாசியாதல் போல இதுவும் ஆகுமெனக் கருதினார்போலும். அது பிழை; மூன்றிலொன்று என்பதே சரியென்பதைப் பிரமகுப்தர் கூறினார். உருவத்திற்குப் பொருந்தாத அரைவாசி விதி குளத்திற்குப் பொருந்துவது சூத்திரத்தின் சிறப்பாலன்று, நிலத்தின் சாய்வால். ஆதலின் சூத்திரத்தை மனனம் செய்வதற்கு முன்னர் உருவத்தை அறிதல் வேண்டும்.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் இன்னும் நுட்பமாகச் செல்வர். சமவுயரக் கோடுகளால் ஒவ்வோர் அடி மட்டத்திலும் நீர்ப்பரப்பைக் கண்டு, அடுத்தடுத்த பரப்புகளின் சராசரியைத் தொகுத்து அட்டவணை ஆக்குவர். துருசடியில் நடப்பட்ட அளவுகோல் காட்டுவது அடி. அட்டவணையே அதனை ஏக்கர் அடியாக்குகின்றது. வண்டல் படிந்து குளத்தின் அடி மாறினால் அட்டவணை பழையதாகிவிடும். அளவுகோல் அதனைக் காட்டாது.

அளவையும் பங்கும்

மாரிமழையை நம்பிய காலபோகத்தில் எல்லா வயலும் விதைக்கப்படலாம். சிறுபோகத்திலோ குளத்து நீரே கதி. போகத் தொடக்கத்திற் கமக்காரரும் அதிகாரிகளும் கூடி, குளத்திலுள்ள ஏக்கர் அடியை ஏக்கரொன்றுக்கு வேண்டும் நீரால் வகுத்து, விதைக்கக்கூடிய பரப்பைத் தீர்மானித்துப் பங்கிடுவர். இங்கே நீளம் பரப்பாகவும் பரப்பு கனவளவாகவும் கனவளவு மீண்டும் பரப்பாகவும் மாறுகின்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் நேரும் சிறு பிழை, இறுதியிற் கடைவாய்க்காற் கமக்காரனின் கருகிய கதிராக வெளிப்படும்.

குடாநாட்டுக்கு இரணைமடு நீரைக் குடிநீராகக் கொண்டு செல்லும் திட்டம் 2010க்குப் பின்னர் எழுப்பிய விவாதத்தையும் இந்நோக்கில் விளங்கிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 10,000 கன மீற்றர் நீரை எடுப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு அது ஏறத்தாழ 2,960 ஏக்கர் அடியாகும். நீர் 6,750 ஏக்கரிற் பரந்து நிற்கும் நிறைகுளத்தில் அது ஏறத்தாழ ஐந்து அங்குலம். நீர் வற்றி 2,000 ஏக்கராகச் சுருங்கிய குளத்தில் அது ஒன்றரை அடி. குடிநீர் வேண்டுவோர் நிறைகுளத்தை எண்ணிச் சிறிதென்பர். கமக்காரர் வற்றிய குளத்தை எண்ணிப் பெரிதென்பர். இருவர் கணக்கும் சரியே. எந்த மட்டத்திலிருந்து எடுப்பது என்பதே விடைகாண வேண்டிய வினா.

வெள்ளத்திலும் இவ்வாறே. இரணைமடுவின் நீரேந்துப் பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல், அதாவது 145,280 ஏக்கர். அதிலிருந்து ஓரங்குல நீர் வழிந்தோடி வந்தால் அது 12,100 ஏக்கர் அடி. மேலேயுள்ள சிறுகுளங்கள் மறிப்பது போக வருவதாயினும், 2018 இற் புதிதாகச் சேர்த்த ஈரடிக் கொள்ளளவை நிரப்ப ஓரங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட வழிநீரே போதும். அவ்வாண்டு டிசெம்பர்ப் பெருமழையில் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கியமை இதனை நினைவூட்டும்.

முடிவுரை

போரினால் இடம்பெயர்ந்து 2009க்குப் பின்னர் மீண்டுவந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, உறுதியில் லாச்சமும் அனுமதிப்பத்திரத்தில் ஏக்கரும் புதிய நில அளவைப் படத்தில் ஹெக்டேயரும் கொண்ட காணிகளின் எல்லையை நிறுவவேண்டிய நிலை உண்டாயிற்று. எல்லைக் கற்கள் பெயர்ந்த இடத்தில் அளவையறிவே சாட்சியாகின்றது. வரகு லாச்சம் எது, நெல் லாச்சம் எது எனச் சொல்லத்தக்க முதியோர் குறைந்து வருகின்றனர்.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இரணைமடுவிற்கு அணித்தாய் அறிவியல் நகரில் இயங்குகின்றது. அங்கு பயிலும் மாணவரும் தமிழ் பயிலும் மாணவரும் இணைந்து, வன்னி உறுதிகளிற் காணப்படும் அளவைச் சொற்களையும், கமக்காரர் வழங்கும் விதைப்புக் கணக்கையும், குளந்தோறும் கையாளப்படும் பங்கீட்டு விதிகளையும் தொகுத்தல் வேண்டும். ஒரு சொல்லின் பொருள் மறைந்தால் இலக்கியத்தில் ஒரு தொடர் விளங்காது போகலாம். லாச்சம் என்னும் சொல்லின் பொருள் மறைந்தால் ஒரு குடும்பத்தின் காணியில் மூன்றிலொரு பங்கு விளங்காது போகும்.